எருமைநாக்கு உலகறிந்த கதை

மல்லிகைக்கும் பலாவுக்கும் பெயர் பெற்ற ஊர் கீரமங்கலம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரிலிருந்து தென்கிழக்கே சென்றால் பாக் நீரிணையை அடையலாம். கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் என்று மீனவர் ஊர்கள் அக்கரையில் வரிசையாக அமைந்துள்ளன. அவ்வூர்களின் மீன் கூடைகள் உள்நாட்டுச் சந்தைகளுக்கும் வருகின்றன. அக்கூடைகளில் நாக்கைப் போல் நீண்டு தட்டையாக இருக்கும் மீன் ஒன்றை நீங்கள் பார்த்திருக்கக் கூடும். அதன் மேற்புறம் மண்ணின் நிறம்; அடிப்புறம் வெளுப்பு. இரண்டு கண்களும் ஒரே பக்கத்தில் இருக்கும்!

இது ஏதோ ஊனமுற்ற மீன் என்று எண்ணிவிட வேண்டாம். இதன் இனம் முழுவதுமே இப்படித்தான். இவ்வினத்தைத் தட்டைமீன்கள் என்று பொதுவாக அழைக்கிறோம். உலகக் கடல்களில் எழுநூறுக்கும் மேற்பட்ட தட்டைமீன் வகைகள் உள்ளன. நம் கரையில் கிடைக்கும் நாக்கு மீனும் எருமைநாக்கும் இவற்றுள் அடங்கும்.

இவற்றுள் எருமைநாக்கு தனிச் சிறப்புடையது. இதன் தமிழ்ப் பெயர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவுக்குச் சென்று, இம்மீனின் அறிவியற் பெயரிலேயே இடம்பெற்றுவிட்டது. அதுமட்டுமன்று. டார்வின் காலத்தில் எழுந்து அண்மைக் காலம் வரை நீடித்த ஒரு பெரும் விவாதத்தில் இம்மீன் முக்கியமான சாட்சியாக விளங்குகிறது. அந்த வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

தட்டைமீன் என்பது எது?

திருக்கையும் தட்டையான மீன்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் இரண்டும் தட்டையான விதம் வேறு. திருக்கை, முதுகிலிருந்தும் வயிற்றிலிருந்தும் அழுத்தப்பட்டதுபோல் தட்டையானது. அது வயிறு கீழே, முதுகு மேலே என்றபடி தரையில் படிந்திருக்கும். அதன் இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கும். தட்டைமீனோ பக்கவாட்டில் தட்டையானது. நாம் ஒருக்களித்துப் படுப்பதுபோல், அது தன் உடலின் ஒரு பக்கத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொள்கிறது. ஆகவே அதன் மேற்புறமாக நாம் காண்பது முதுகன்று. உடலின் ஒரு விலாப்பக்கமே. முதுகுத் துடுப்பு ஓர் ஓரத்திலும், அடிவயிற்றுத் துடுப்பு மறு ஓரத்திலும் கரை கட்டியதுபோல் அமைந்துள்ளன.

ஒருக்களித்துப் படுத்தால் ஒரு கண் சேற்றில் புதைந்து பயனற்றுப் போகுமல்லவா? இச்சிக்கலை இயற்கை வியப்பூட்டும் முறையில் தீர்த்திருக்கிறது. கீழ்ப்பக்கத்துக் கண் தலையைச் சுற்றிக்கொண்டு மேற்பக்கத்துக்கு வந்துவிடுகிறது.

தட்டைமீன் பிறக்கும்போது மற்ற மீன்களைப் போன்றே இருக்கிறது. பெரும்பாலான வகைகளில் முட்டைகள் நீரில் மிதக்கின்றன. பொரித்து வரும் மீன்குஞ்சு கண்ணாடி போல் தெளிந்த உடலுடன், பக்கத்துக்கு ஒரு கண்ணாக, நிமிர்ந்தே நீந்துகிறது. சில வாரங்கள் சென்றபின் உருமாற்றம் தொடங்குகிறது. மண்டையோட்டின் குருத்தெலும்புகள் முறுகுகின்றன. ஒரு கண் மெல்ல மேலேறி, தலையின் உச்சியைக் கடந்து, மறுபக்கத்துக் கண்ணின் அருகே வந்து நின்றுவிடுகிறது. இதே சமயத்தில் மீன் சாய்ந்து நீந்தப் பழகி, முடிவில் கடலடியில் படுத்துவிடுகிறது. மேற்பக்கத்தில் நிறம் ஏறுகிறது. கீழ்ப்பக்கம் வெளுத்தே இருந்துவிடுகிறது. மிதப்பதற்கு உதவும் காற்றுப்பை, வளர்ந்த தட்டைமீன்களில் இருப்பதில்லை. தரையில் கிடக்கும் மீனுக்கு அது எதற்கு?

எந்தக் கண் பயணம் செய்யும் என்பது இனத்துக்கு இனம் மாறுபடும். நம் கரையில் மிகுதியாகக் கிடைக்கும் நாக்கு மீன்களில் இரு கண்களும் இடப்பக்கம் இருக்கும். சோல் என்னும் குடும்பத்து மீன்களில் வலப்பக்கம் இருக்கும். எருமைநாக்கிலோ இரண்டும் உண்டு. சில மீன்கள் வலக்கண்ணர். சில மீன்கள் இடக்கண்ணர். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் தேவைப்படும்.

தரங்கம்பாடியிலிருந்து பெர்லினுக்கு

இனி வரலாற்றுக்கு வருவோம். சோழமண்டலக் கரையில் உள்ள தரங்கம்பாடி, 1620-ஆம் ஆண்டு முதல் 1845-ஆம் ஆண்டு வரை டென்மார்க் நாட்டினர் வசம் இருந்தது. அங்கே 1771-இல் வந்து சேர்ந்தவர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்னும் ஜெர்மானியப் பாதிரியார். 1813-இல் இறக்கும் வரை அவர் அவ்வூரிலேயே வாழ்ந்தார். சமயப் பணியோடு இயற்கை ஆராய்ச்சியிலும் அவருக்குப் பெரும் ஈடுபாடு இருந்தது. செடிகொடிகளையும் சங்குகளையும் மீன்களையும் திரட்டி ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பி வந்தார்.

அவர் அனுப்பிய மீன்களைப் பெற்றவர்களுள் முக்கியமானவர் மார்க்கஸ் எலீசர் பிளாக். பெர்லின் நகரில் மருத்துவராகத் தொழில் செய்த இவர், மீனியலில் தம் காலத்தின் தலைசிறந்த அறிஞராகத் திகழ்ந்தார். 1782 முதல் 1795 வரை பன்னிரண்டு தொகுதிகளாக இவர் வெளியிட்ட நூல், வண்ணந் தீட்டிய 432 படங்களைக் கொண்டது. தம் நண்பர் ஜானின் நினைவாக ஒரு மீன் இனத்துக்கு ‘ஜானியஸ்’ என்று 1793-இல் பெயரிட்டார். அவ்வினத்தைச் சேர்ந்த ‘ஜானியஸ் கருத்தா’ என்னும் மீனின் பெயரில் வரும் ‘கருத்தா’ வேறொன்றுமில்லை. நம் கறுத்த கத்தாளையின் ‘கறுத்த’தான்!

பிளாக் 1799-இல் காலமானார். அவர் முடிக்காமல் விட்டுச் சென்ற பெருநூலை யோகான் காட்லோப் ஷ்னைடர் என்னும் அறிஞர் நிறைவு செய்து 1801-இல் வெளியிட்டார். அந்நூலில்தான் தரங்கம்பாடிக் கடலின் எருமைநாக்கு முதன்முதலாக அறிவியல் உலகுக்கு அறிமுகமாயிற்று. தமிழர் இம்மீனை ‘எருமை நாக்கு’ என்று அழைப்பதைக் கொண்டு, அச்சொல்லின் முற்பகுதியையே மீனின் சிறப்புப் பெயராக வைத்துவிட்டனர். இலத்தீன் நூலில் அச்சொல் ‘எருமெய்’ என்று படிக்கத்தக்கவாறு எழுதப்பட்டிருக்கிறது. ஜெர்மன் மொழியில் ‘ஐ’ என்னும் ஒலியை அவ்வாறு எழுதுவதே வழக்கம். எனவே அதை எழுதிய ஜெர்மானியரின் காதில் ‘எருமை’ என்று சரியாகவே விழுந்திருக்கிறது எனலாம். நாக்கு மட்டும் வழியில் விடுபட்டுவிட்டது! பின்னர் 1831-இல் பென்னெட் என்னும் ஆங்கில அறிஞர் ‘செட்டோடஸ்’ என்ற பேரினத்தை வகுத்தார். அப்பேரினத்தில் சேர்க்கப்பட்டதால், ‘செட்டோடஸ் எருமெய்’ என்பதே இன்று இம்மீனின் உலகப் பெயர். செங்கடலிலிருந்து ஜப்பான், ஆஸ்திரேலியா வரை இம்மீன் பரவியுள்ளது. அங்கெல்லாம் உள்ள அறிஞர்கள், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு தமிழ்ச் சொல்லைச் சொல்லியே இம்மீனைக் குறிக்கின்றனர்.

இதில் நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிளாக் இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். மீனைப் பிடித்தவர், அதற்குப் பெயர் சொன்னவர், இன்ன ஆழத்தில் இன்ன பருவத்தில் கிடைக்கும் என்று அறிந்தவர், நம் மீனவரே. அவர்களுடைய அறிவு ஜானின் வழியாகப் பெர்லினை அடைந்தது. அம்மீனவர்களின் பெயர் எந்த நூலிலும் பதிவாகவில்லை. அவர்கள் மீனுக்கு வைத்த பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இக்காலத்தில் வேறு சிலரும் இப்பணியில் ஈடுபட்டனர். விசாகப்பட்டினத்தில் இருந்த பாட்ரிக் ரஸல் என்னும் மருத்துவர், அக்கடற்கரையின் 200 மீன்களைத் தெலுங்குப் பெயர்களோடு படம் வரைந்து 1803-இல் வெளியிட்டார். பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றி 1822-இல் எழுதிய நூலில் நாக்கு மீன்களின் பேரினத்தை வகுத்தார். அதற்கு அவர் இட்ட பெயரின் பொருள் ‘நாய் நாக்கு’ என்பதாகும். தமிழ் மீனவருக்கு எருமையின் நாக்கு நினைவுக்கு வந்தது. ஹாமில்டனுக்கு நாயின் நாக்கு! சென்னைப் படையில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, 1875-க்கும் 1878-க்கும் இடையே வெளியிட்ட ‘இந்திய மீன்கள்’ என்னும் நூலில் பல மீன்களின் தமிழ்ப் பெயர்களையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்.

டார்வினுக்கு ஒரு கேள்வி

நம் மீனுக்குப் பெயர் கிடைத்து எழுபது ஆண்டுகள் சென்றபின், இங்கிலாந்தில் ஒரு சூடான விவாதம் எழுந்தது. 1859-இல் டார்வின் தம் ‘உயிரினங்களின் தோற்றம்’ என்னும் நூலை வெளியிட்டார். சிறு சிறு மாறுதல்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தே புதிய உறுப்புகளும் புதிய உயிரினங்களும் தோன்றுகின்றன என்பது அவர் கொள்கை. ஒவ்வொரு சிறு மாறுதலும் அந்த உயிருக்கு ஏதேனும் ஒரு விதத்தில் பயன்பட வேண்டும். பயன்பட்டால்தான் இயற்கைத் தேர்வில் அது நிலைக்கும்.

செயின்ட் ஜார்ஜ் மைவார்ட் என்னும் விலங்கியல் அறிஞர் இதை மறுத்து 1871-இல் ஒரு நூல் எழுதினார். அதில் அவர் தட்டைமீனை எடுத்துக் காட்டினார். அவருடைய வாதத்தை எளிய முறையில் இப்படிச் சொல்லலாம். கீழ்க்கண் முழுவதுமாக மேற்பக்கம் வந்துவிட்டால் மீனுக்கு நன்மை, ஒப்புக்கொள்வோம். ஆனால் அது சிறிது சிறிதாக நகர்ந்து வந்தது என்றால், பயணத்தின் தொடக்கத்தில் கண் ஒரு நெல்லளவு நகர்ந்ததால் என்ன பயன்? அப்போதும் அது சேற்றில்தானே கிடக்கும்? பாதி வழியில் நிற்கும் கண்ணால் யாருக்கு நன்மை?

நியாயமான கேள்விதான் அல்லவா? டார்வினும் அதைப் புறக்கணிக்கவில்லை. 1872-இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில் மறுப்புகளுக்கு விடை கூறுவதற்காகவே ஒரு தனி இயலைச் சேர்த்தார். மால்ம் என்னும் ஸ்வீடன் நாட்டு அறிஞர் இளம் தட்டைமீன்களை உற்று நோக்கி எழுதிய குறிப்புகளை அவர் அதில் பயன்படுத்தினார். இளமீன் சோர்ந்து தரையில் ஒருக்களித்து விழும்போது, கீழ்க்கண்ணால் மேலே பார்க்க விடாமல் முயல்கிறது. அப்போது அதன் எலும்புகள் குருத்தாக இருப்பதால் தலை முறுகிவிடுகிறது என்பது மால்ம் கண்டது. இந்த முயற்சியின் விளைவு தலைமுறைகள் தோறும் கடத்தப்பட்டிருக்க வேண்டும் என்று டார்வின் கருதினார். வடகடல்களில் வாழும் ஹாலிபட் வகை ஒன்றிலிருந்து சோல் மீன் வரை, சிறுகச் சிறுகக் கோணல் மிகும் ஒரு வரிசையை ஷியோட் என்ற அறிஞர் காட்டியிருந்ததையும் அவர் எடுத்துரைத்தார்.

இன்றைய அறிவு கொண்டு பார்த்தால் டார்வினின் விடையில் ஒரு பாதி சரி. ஒரு பாதி தவறு. படிப்படியான வரிசை உண்டு என்பது சரி. ஆனால் பெற்றோர் தம் வாழ்நாளில் முயன்று பெற்ற மாற்றம் அப்படியே பிள்ளைகளுக்குச் செல்லும் என்பது பிற்காலத்தில் தள்ளப்பட்டது. ஆகவே மைவார்ட்டின் கேள்வி முழு விடை பெறாமலே நின்றது.

எருமைநாக்கு சொல்லும் சாட்சி

இவ்விடத்தில் நம் எருமைநாக்கைச் சற்று உற்றுப் பார்ப்போம். மற்றத் தட்டைமீன்களில் இடம்பெயர்ந்த கண் மேற்பக்கத்துக்கு நன்றாக வந்துவிடுகிறது. எருமைநாக்கில் அது தலையின் உச்சி விளிம்பிலேயே நின்றுவிடுகிறது! மற்றவற்றில் முதுகுத் துடுப்பு தலையின் மேல் வரை நீண்டிருக்கும். எருமைநாக்கில் அது கண்ணுக்கு நன்கு பின்னாலேயே தொடங்குகிறது. துடுப்பின் முன்பகுதியில் சாதாரண மீன்களுக்கு உள்ளதுபோல் முட்கள் உள்ளன. வாய் பெரியது, பற்கள் கூரியவை. சில வேளைகளில் இம்மீன் மற்ற மீன்களைப் போல் நிமிர்ந்தும் நீந்துவதாகக் கூறுகின்றனர். வலக்கண்ணர், இடக்கண்ணர் என்ற இரு வகையும் இதில் உண்டு என்று முன்னரே கண்டோம். எந்தப் பக்கம் படுப்பது என்று இன்னும் முடிவு செய்யாத இனம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

டேட் ரீகன் என்னும் ஆங்கில மீனியலார் 1910-இலேயே இதன் பழமையைச் சுட்டிக் காட்டினார். சாதாரணக் கடல் மீன் ஒன்று கோணலானால் எப்படி இருக்குமோ, ஏறத்தாழ அப்படியே இம்மீன் இருக்கிறது என்பது அவர் கருத்து. ஜே. ஆர். நார்மன் என்பவர் கல்கத்தாவில் இருந்த இந்திய அருங்காட்சியகத்தின் மீன்களை ஆராய்ந்து இந்தியத் தட்டைமீன்களைப் பற்றி 1927, 1928-ஆம் ஆண்டுகளில் கட்டுரைகள் வெளியிட்டார். 1934-இல் தட்டைமீன்கள் பற்றிய பெருநூலையும் எழுதினார். செட்டோடஸ் இனத்தைப் பழமையான கிளையாகவே அவரும் கொண்டார். இவ்வினத்தில் இன்று மூன்றே வகைகள் உள்ளன. இரண்டு மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் வாழ்பவை, மூன்றாவது நம்முடையது.

எனினும் எல்லாரும் இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ரிச்சர்டு கோல்ட்ஸ்மித் என்னும் அறிஞர் 1930-களில் வேறொரு கருத்தை முன்வைத்தார். வளர்ச்சியின்போது நேரும் ஒரு பெருமாற்றம், ஒரே தாவலில் புதிய உடலமைப்பைத் தந்துவிடலாம் என்றார். அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் தட்டைமீனும் ஒன்று. பாதி வழியில் கண் நின்ற மூதாதை எங்கே? அதைக் காட்டும் தொல்லுயிர்ச் சான்று ஒன்றேனும் உண்டா? அதுவரை எவரும் காட்டவில்லை.

விடை அருங்காட்சியக அலமாரியில் இருந்தது! இத்தாலியில் போல்கா என்னுமிடத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மீன்களின் படிவங்கள் கிடைக்கின்றன. அவற்றுள் ‘ஆம்பிஸ்டியம்’ என்னும் மீன் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர்களுக்குத் தெரிந்ததே. அமெரிக்காவில் ஆய்வு மாணவராக இருந்த மாட் ஃபிரீட்மன் என்பவர், அதனையும் ‘ஹெட்டரோநெக்டிஸ்’ என்று தாம் பெயரிட்ட மற்றொன்றையும் நுணுகி ஆராய்ந்தார். வளர்ச்சி முற்றிய மீன்களிலேயே ஒரு பக்கக் கண் மேலேறி, ஆனால் உச்சியைக் கடக்காமல் நின்றிருப்பதைக் கண்டார். 2008-இல் இம்முடிவு வெளியாயிற்று. ஆம்பிஸ்டியம் ஒன்றின் வயிற்றில், அது விழுங்கிய மற்றொரு மீனின் எச்சமும் இருந்தது. பாதி வழிக் கண்ணோடும் அம்மீன் வேட்டையாடி வயிறு நிறைய உண்டு வாழ்ந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இக்காலத் தட்டைமீன்கள் சில, துடுப்புகளை ஊன்றித் தலையைத் தரையிலிருந்து சற்று உயர்த்துகின்றன. அவ்வாறு உயர்த்தினால் பாதி நகர்ந்த கண்ணும் ஓரளவு பயன்படும். மைவார்ட்டின் கேள்விக்கு 137 ஆண்டுகள் கழித்துக் கல்லே விடை கூறிற்று.

கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. 2021-இல் சீன அறிஞர்கள் முதன்மையாக ஈடுபட்ட ஓர் ஆய்வு, பல தட்டைமீன்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு, எருமைநாக்கின் இனமும் ஏனைய தட்டைமீன்களும் தனித்தனி வழிகளில் தட்டையானவை என்று கூறியது. அப்படியானால் நம் மீன் பாதி வழிச் சாட்சி ஆகாது. வேறு பாதையில் வந்த அயலார் ஆகிவிடும். இதை மறுத்து 2024-இல் மற்றொரு குழு இன்னும் விரிவான சான்றுகளோடு ஆய்வு வெளியிட்டது. கண் இடம்பெயர்ந்தது ஒரே ஒரு முறைதான். எல்லாத் தட்டைமீன்களும் ஒரே குடும்பம்தான் என்பது அதன் முடிவு. தரங்கம்பாடியில் பெயர் பெற்ற மீன், இன்றும் உலகின் ஆய்வுக்கூடங்களில் வழக்கின் நடுவே நிற்கிறது.

நிறமும் உருமாற்றமும்

கண்ணைப் போலவே நிறமும் அறிஞர்களை ஈர்த்தது. அடிப்புறம் வெளுத்திருப்பது வெளிச்சம் படாததாலா? கன்னிங்ஹாம் என்னும் ஆங்கிலேயர் 1890-களில் இளம் தட்டைமீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்து, கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, அடியிலிருந்து ஒளி படச் செய்தார். நாளடைவில் பல மீன்களின் அடிப்புறத்திலும் நிறம் தோன்றியது.

1911-இல் பிரான்சிஸ் சம்னர் என்பவர் நேப்பிள்ஸ் நகரில் தாம் செய்த ஆய்வை வெளியிட்டார். சதுரங்கக் கட்டம், புள்ளி, கோடு என்று பலவிதத் தளங்களின்மேல் தட்டைமீனை விட்டு, அதன் தோல் எவ்வாறு மாறுகிறது என்று படம் பிடித்தார். சரளைக் கல்லின்மேல் விட்டால் பெரிய திட்டுகள்; நுண்மணலின்மேல் விட்டால் பொடிப்புள்ளிகள். தோலில் உள்ள நிறமிச் செல்களுக்குள் நிறமித் துகள்கள் குவிவதாலும் பரவுவதாலும் இது நிகழ்கிறது. எப்படி மாற வேண்டும் என்று அறிவிப்பது கண்.

இத்துறையில் தமிழகத்தில் பிறந்த ஓர் அறிஞரின் பங்கும் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் மூளை ஆராய்ச்சியில் உலகப்புகழ் பெற்ற வி. எஸ். ராமச்சந்திரன் அவர். அவரும் அவர் குழுவினரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெப்பக்கடல் தட்டைமீன் ஒன்று 2 முதல் 8 விநாடிகளுக்குள் தளத்துக்கேற்பத் தன் தோற்றத்தை மாற்றிக்கொள்கிறது. நாம் ஒரு மூச்சை இழுத்து விடும் நேரந்தான்!

உருமாற்றத்தைத் தூண்டுவது எது என்பதையும் அறிவோம். 1985-இல் ஜப்பானிய அறிஞர்களான இனுயியும் மிவாவும், தைராய்டு சுரப்பியின் ஹார்மோனே இதற்குக் காரணம் என்று காட்டினர். தவளையின் தலைப்பிரட்டை வாலிழந்து தவளையாவதற்குக் காரணமான அதே ஹார்மோன்தான் இது. தலைப்பிரட்டைக்குக் கால் முளைக்கச் செய்வது, தட்டைமீனின் கண்ணை நகரச் செய்கிறது. இயற்கை பழைய கருவியைக் கொண்டே புதிய வேலையைச் செய்துகொள்கிறது.

நம் நாட்டு ஆய்வுகள்

விடுதலைக்குப் பின் இந்தியாவிலும் தட்டைமீன் ஆய்வுகள் வளர்ந்தன. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1947-இல் சென்னையில் தொடங்கப்பெற்று, 1949-இல் இராமநாதபுரம் பகுதியிலுள்ள மண்டபத்துக்கு மாற்றப்பட்டது. 1971-இல் அதன் தலைமையகம் கொச்சிக்குச் சென்றது. மண்டபத்தில் அதன் மையம் தொடர்ந்து இயங்கி வருகிறது.

கேரளக் கரையில் ‘மாந்தள்’ என்று வழங்கும் சிறு நாக்கு மீன், பருவமழை தணிந்தபின் கரையோரம் பெருவாரியாக வருவது வழக்கம். சேஷப்பாவும் பீமாச்சாரும் கோழிக்கோட்டில் இம்மீனை ஆராய்ந்தனர். மரத்தின் வயதை அதன் வளையங்கள் கூறுவதுபோல், குளிர்நாட்டு மீன்களின் வயதை அவற்றின் செதில் வளையங்கள் கூறும். குளிர்காலமே இல்லாத நம் கடல் மீன்களுக்கு அது பொருந்துமா என்ற ஐயம் இருந்தது. மாந்தளின் செதிலிலும் வளையம் விழுவதை அவர்கள் 1951-இல் காட்டினர். பருவமழைக் காலத்தில் இரை குறைந்து வளர்ச்சி தடைப்படுவதே அதற்குக் காரணம் என்றனர். மழைக்காலத்துப் பட்டினி, மீனின் செதிலில் கோடாகப் பதிந்துவிடுகிறது!

பறங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் எருமைநாக்கின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்தது. 1979-இல் வெளியான அந்த ஆய்வின்படி, இது முதன்மையாக மற்ற மீன்களைப் பிடித்துத் தின்னும் இனம். நாக்கு மீன்களோ சேற்றுப் புழுக்களையும் சிறு இறால்களையும் நாடுபவை. ஒரே தரையில் கிடந்தாலும் இரை வேறு. நாக்கு மீன்களின் வகைகள் அனைத்தையும் தொகுத்து 1977-இல் ஒரு பெருநூல் எழுதியவர் இந்திய விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஏ. ஜி. கே. மேனன்.

தரை கெட்டால் தட்டைமீன் இல்லை

பாக் நீரிணை ஆழமற்ற கடல். பெரும்பாலான இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டருக்குமேல் ஆழமில்லை. வெள்ளாறு போன்ற ஆறுகள் கொணரும் வண்டலும் மணலும் படிந்த அதன் தரையில், கடற்புற்கள் பரந்த மேய்ச்சல் நிலம்போல் வளர்ந்துள்ளன. மெல்லிய சேறும் நுண்மணலும் தட்டைமீனுக்கு வீடு. கடற்புல் பல மீன்குஞ்சுகளுக்குத் தொட்டில். புதுக்கோட்டை மாவட்டத்தின் சுமார் 40 கிலோமீட்டர் கடற்கரையும் இக்கடலை ஒட்டியதே.

வேறு மீன்களுக்கு ஆபத்து வந்தால் அவை நீந்தி விலகும். தட்டைமீனின் வழக்கமோ வேறு. அது அசையாமல் மண்ணோடு மண்ணாகக் கிடந்து தப்பிக்கப் பார்க்கும். 5 கோடி ஆண்டுகளாகச் சுறாவிடமிருந்தும் திருக்கையிடமிருந்தும் இந்தத் தந்திரம் அதைக் காத்தது. ஆனால் தரையையே வழித்துக்கொண்டு வரும் விசைப்படகின் இழுவை மடியிடம் அது செல்லாது. அசையாமல் கிடப்பதே அங்கே அதற்குக் கேடாகிறது. மடியில் ஏறும் இளம் தட்டைமீன்கள் விலை போகாத கழிவு மீனாகக் கோழித் தீவனத்துக்கும் மீன் தூளுக்கும் போய்விடுகின்றன.

இதற்கு மீனவரை மட்டும் குறை கூறுவது முறையன்று. கடன் வாங்கிப் படகு கட்டியவர் மடியை இழுத்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது. இதை உணர்ந்தே சில நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டுள்ளன. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. பாக் நீரிணையின் இழுவைப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடல் படகுகள் வழங்கும் திட்டம் 2017-இல் தொடங்கப்பட்டது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. கடற்பசுவுக்காகக் காக்கப்படும் புல்வெளி, அதன் அடியில் கிடக்கும் தட்டைமீனுக்கும் காவலாகும்.

நீங்களே செய்து பார்க்கலாம்

அறிவியல் ஆராய்ச்சி என்றால் பெரிய கருவிகள் தேவை என்று எண்ண வேண்டாம். அடுத்த முறை மீன் சந்தைக்குச் செல்லும்போது ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். தட்டைமீன் கண்ணில் பட்டால், மீனின் முதுகுத் துடுப்பு மேலிருக்குமாறு நிறுத்திப் பிடியுங்கள். கண்கள் உள்ள பக்கம் உங்களை நோக்கி இருக்கட்டும். இப்போது மீனின் தலை உங்கள் இடக்கைப் பக்கம் இருந்தால் அது இடக்கண்ணர். வலக்கைப் பக்கம் இருந்தால் வலக்கண்ணர். ஒரு கண் தலையின் உச்சி விளிம்பில் நின்று, வாயில் கூரிய பற்களும் இருந்தால், அது எருமைநாக்கு. விற்பவரிடம் அதன் பெயரையும், எவ்வளவு ஆழத்தில், எந்த மாதத்தில், எந்த மடியில் கிடைத்தது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை இடக்கண்ணர், எத்தனை வலக்கண்ணர் என்று ஓராண்டுக் கணக்கு எடுத்தால், அதுவே பயனுள்ள ஒரு பதிவாகும்.

ஜான் பாதிரியாரும் இதைத்தான் செய்தார். மீனைப் பார்த்தார், பெயரைக் கேட்டார், எழுதி வைத்தார். ஒன்றை மட்டும் அவர் காலத்தவர் விட்டுவிட்டனர். நீங்கள் அதை விட்டுவிடாதீர்கள்: பெயர் சொன்னவரின் பெயரையும், அவருடைய இசைவு பெற்று, குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.